ஆல்டன்பெல்ஸில் பார்க்க வேண்டியவை

அன்புள்ள மகனுக்கு,

நீ கேட்டது ஒரு சின்னப் பட்டியல். போன ஞாயிற்றுக்கிழமை கிங்ஸ்பரியில் நிலானி வீட்டில் உங்கள் இருவரின் கலியாணக் கார்டுகளுக்கு விலாசம் எழுதிவிட்டு வந்தாய். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி சொன்னாய்: "அப்பா, நான் எழுதினதுக்குச் சித்தப்பா பதில் போட்டிருக்கிறார். நானும் நிலானியும் அடுத்த வீக்கெண்ட் ஜெர்மனிக்குப் போறம். அங்க பார்க்க என்ன இருக்கு எண்டு ஒரு லிஸ்ட் எழுதித் தாங்கோ." பிறகு அந்தக் கடிதத்தை என் கையில் தந்தாய். நாலு வரிதான். "கலியாணத்துக்கு வருவனோ இல்லையோ எண்டதை நேரில சொல்லுறன். நீயும் அந்தப் பிள்ளையும் ஒருக்கா இஞ்ச வாங்கோ. வர முந்தி இந்த ஊரைப் பற்றி அப்பாவிட்டக் கேட்டுக்கொண்டு வா. அவருக்கு எல்லாம் தெரியும்." நீ அதை ஒரு தம்பி அண்ணனுக்குக் கொடுத்த மரியாதை என்று நினைத்துச் சிரித்தாய். என் தம்பி யோகன் அப்படி மரியாதை கொடுக்கிற ஆள் இல்லை. அது உனக்கு எழுதிய கடிதமும் இல்லை.

எங்கள் ஆட்களிடையே கலியாணம் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. வெளியாருக்குக் கார்டைத் தபாலில் போடலாம். கூடப்பிறந்தவனுக்கு வீட்டுப் படியேறி, வாசலில் நின்று, வாயால்தான் சொல்ல வேண்டும். அதையும் மாப்பிள்ளை போய்ச் சொல்வதில்லை, மாப்பிள்ளையின் தகப்பன் போக வேண்டும். உன் அம்மா இரண்டு மாதமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறா. நான் முதுகு வலி என்றேன், ஷிப்ட் என்றேன், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை விட ஏலாது என்றேன். கடைசியில் என் வேலையை நீ செய்யப் புறப்பட்டுவிட்டாய். ஆகவே நீ கேட்ட பட்டியலை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த ஒழுங்கில்தான் எழுதுவேன். பொறுமையாக வாசி.

ரயிலை விட்டு இறங்கியதும் வலது பக்கத்தில் மஞ்சள் பூசிய மூன்று மாடிக் கட்டடம் ஒன்று தெரியும். உல்லாசப் பயணிகளுக்கான புத்தகத்தில் அது இருக்காது. ஒரு காலத்தில் குதிரை வண்டிக்காரர் தங்கிய விடுதி. எண்பத்து நாலாம் ஆண்டுக் கடைசியில் நான் போனபோது அகதிகள் விடுதி. ஒரு அறைக்கு ஆறு பேர். வேலை செய்யக் கூடாது, அந்த மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. ஊரில் அரசாங்கக் கச்சேரியில் பதினொரு வருடம் கோப்புக் கட்டிய எனக்கு, காலையில் எழும்பிப் பல் விளக்கினால் அன்றைக்கு வேறு அலுவல் இல்லை. கிழமையில் இரண்டு நாள் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்து ஜெர்மன் சொல்லிக் கொடுத்தார். பாடப் புத்தகம் வாங்க வசதி இல்லாததால் நகரசபை அச்சடித்த சுற்றுலாக் கைநூலையே கொண்டுவருவார். நாங்கள் ஜெர்மன் படித்தது அதில்தான். அதனால்தான் அந்த ஊரின் எண்ணூறு வருடச் சரித்திரம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ரொட்டி வாங்கக் கடையில் நின்று திணறுவேன், ஆனால் சுவீடன் படை எந்த வாசலால் உள்ளே வரப் பார்த்தது என்று கேட்டால் பிழையில்லாமல் ஒப்புவிப்பேன்.

விடுதியிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் கீழ்வாசல். மேலே கூர்க்கூரை, நடுவில் மணிக்கூடு, இரண்டு பக்கமும் மதில். வாசலுக்குள்ளே இடது கைப் பக்கச் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறது, நிலானிக்குக் காட்டு. பழைய காலத்தில் பிரபுக்களின் நிலத்தில் அடிமையாகக் கிடந்தவன் தப்பி ஓடி வந்து, பிடிபடாமல் ஒரு வருடமும் ஒரு நாளும் இந்த மதிலுக்குள் வாழ்ந்துவிட்டால் அவன் சுதந்திர மனிதன், அவனை ஒருவரும் திருப்பிக் கேட்க முடியாது. அதுதான் அந்தக் கல்லில் இருக்கிறது. அந்த ஆசிரியை இதை வாசிக்கும்போது குரல் தழுதழுக்கும். நாங்கள் ஆறு பேரும் விரல் விட்டு எண்ணிப் பார்த்துச் சிரிப்போம். உன் சித்தப்பா அதே மதிலுக்குள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்கிற ஒரு தாளை வைத்துக்கொண்டு பத்து வருடம் இருந்தான். திருப்பி அனுப்பவும் இல்லை, ஒழுங்காக இருக்க விடவும் இல்லை. ஊரில் அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் ஐந்து வருடம் பார்த்துவிட்டு வேறு கலியாணம் செய்துகொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

வாசலைக் கடந்து மேலே ஏறினால் சந்தைச் சதுக்கம். மரச்சட்டமும் வெள்ளைச் சாந்துமாகக் கட்டிய வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும். நடுவில் ஒரு நீரூற்று. அதன் உச்சியில் ஒரு பன்றி. முற்றுகைக் காலத்தில் ஊருக்குள் சாப்பாடு முடிந்துவிட்டதாம். மிஞ்சியிருந்த ஒரே ஒரு பன்றிக்கு மிஞ்சிய தானியம் முழுவதையும் தீற்றி, கொழுக்க வைத்து, மதிலுக்கு மேலால் எதிரியின் பக்கம் எறிந்தார்களாம். பன்றியையே எறிகிற அளவுக்கு வசதியாக இருக்கிறார்கள் என்று நினைத்து எதிரி கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டான். இந்தக் கதையை ஜெர்மன்காரர் பெருமையாகச் சொல்வார்கள். எங்களுக்கும் அது புதிதாக இருக்கவில்லை. நாங்களும் அதே நீரூற்றடியில் ஒருவன் கோட்டை ஒருவன் மாறி மாறிப் போட்டுக்கொண்டு, யாரோ ஒருவருடைய காரில் கை வைத்துக்கொண்டு படம் எடுத்து ஊருக்கு அனுப்பினோம். நீ சின்ன வயதில் பள்ளிக்குக் கொண்டுபோய்க் காட்டிய அந்தப் படம் அங்கே எடுத்ததுதான். கார் ஒரு பல்வைத்தியருடையது, கோட் யாருடையது என்று ஞாபகம் இல்லை.

சதுக்கத்தின் வடக்குப் பக்கம் நகர மண்டபம். சிவப்புக் கல், இரண்டு தரம் எரிந்து இரண்டு தரம் கட்டியது. அதன் நிலவறையில் ஒரு சாப்பாட்டுக்கடை இருக்கிறது. உன் சித்தப்பா அதன் குசினியில் வேலை செய்கிறான் என்று உன் அம்மா யாரிடமோ விசாரித்து வைத்திருக்கிறா. போன வருடம்தான் அவனுக்கு நிரந்தர விசா கிடைத்ததாம். எங்கேயும் போகலாம் என்றான பிறகும் அவன் அந்த ஊரை விட்டுப் போகவில்லை. ஏன் என்று நான் நிறைய யோசித்தேன், எனக்கு விளங்கவில்லை.

அடுத்ததாகத் தேவாலயத்தைப் பற்றி எழுத வேண்டும், அதைப் பிறகு எழுதுகிறேன். நேரே மதிலுக்குப் போவோம். நீ அவன் வீட்டுப் படியேற முதல் உனக்குத் தெரிய வேண்டிய விஷயம் மதிலில்தான் இருக்கிறது.

மதிலின் மேல் கூரை போட்ட நடைபாதை ஒன்று ஊரைச் சுற்றிப் போகிறது. மெதுவாக நடந்தால் நாற்பது நிமிடம். எண்பத்தாறு தை மாதத்தில் ஒரு மத்தியானம் யோகனும் நானும் அதில் நடந்தோம். அவன் எனக்குப் பத்து மாதம் கழித்து அங்கே வந்தவன். அன்று காலை அவனுடைய அகதி விசாரணை முடிந்திருந்தது. மேல்வாசலுக்குக் கிட்ட வந்ததும் நின்றான். "அண்ணை, நான் வாய் திறந்து பத்து நிமிசத்தில அந்த மனிசன் என்ர ஃபைலை மூடிப்போட்டு இன்னொரு ஃபைலை எடுத்தது. இதெல்லாம் உன்ர அண்ணை போன வருசமே சொல்லிட்டார் எண்டது" என்றான். நான் மதில் ஓட்டையால் கீழே கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நாள்கூட அதே நாளாம், அண்ணை. பத்தொன்பது நாள். அந்தப் பச்சைக் கதவும் இருக்காம். அடிச்சுக்கொண்டிருந்தவன் இடையில நிப்பாட்டிப்போட்டு ரேடியோவில கிரிக்கெட் ஸ்கோர் கேட்டதும் இருக்காம்."

மகன், நான் ஊரை விட்டுப் புறப்பட முன் யோகனைப் பிடித்துக்கொண்டு போய் ஆமி முகாமில் பத்தொன்பது நாள் வைத்திருந்தார்கள். என்னை ஒருவரும் பிடிக்கவில்லை. என் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. அவன் வெளியே வந்த மறுநாள், வேறு ஒருவருக்கும் சொல்லாததை எனக்கு மட்டும் சொன்னான். நான் ஆல்டன்பெல்ஸுக்கு வந்து சேர்ந்தபோது விடுதியில் எல்லாருக்கும் கேஸ் எழுதிக் கொடுக்கிற ஒரு ஆள் இருந்தார். என் கதையைக் கேட்டுவிட்டு, "அண்ணை, நீர் கவுண்மேந்து கிளாக்கர். உம்மட கேஸில ஒண்டும் இல்லை. இப்பிடிப் போனால் அடுத்த பிளேனில ஏத்துவான்" என்றார். எனக்கு உன் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. உனக்கு அப்போது பதினொரு வயது. பதினாலு பதினைந்து வயதுப் பெடியன்களை வீடு வீடாகப் பிடித்துக்கொண்டு போன காலம் அது. உன்னை ஜெர்மனிக்கு எடுப்பிக்க வேண்டுமென்றால் எனக்கு விசா கிடைக்க வேண்டும். விசாரணைக்குப் போனேன். வாயைத் திறந்தேன். யோகனுடைய கதை வந்தது. என் தோளில் சைக்கிளால் விழுந்து வந்த ஒரு தழும்பு இருக்கிறதல்லவா, அதைச் சட்டையைக் கழற்றிக் காட்டினேன். மொழிபெயர்த்தவர் எழும்பி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். நான் பிடுங்கியது சொந்தத் தம்பியின் வீட்டில். அவன் ஊரை விட்டு வருவான் என்று அப்போது நான் நினைக்கவில்லை என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரி, வந்த பிறகாவது சொல்லியிருக்கலாமே. விசாரணைக்கு முதல் நாள் அவன் என்னிடம் கேட்டான், "அண்ணை, என்ன சொல்லுறது?" நான் சொன்னேன், "உள்ளதைச் சொல்லு."  விசாரிக்கிற ஆள் வேறு ஆளாக இருப்பார், பழைய கோப்பை யார் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். பதினொரு வருடம் கோப்புக் கட்டியவனுக்கு வருகிற நினைப்பா அது?

அந்த மதிலில் அவன் என்னைத் திட்டவில்லை. விசாரித்தவரிடமும் "அது என்ர கதை" என்று சொல்லவில்லையாம்.  இரண்டு மாதத்தில் அவனுடைய கேஸ் நிராகரிக்கப்பட்டது. அப்பீலுக்கு ஒரு வக்கீல் பிடித்தான். அந்தக் கதை தம்பியுடையது என்று அண்ணன் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும், தம்பியைக் காப்பாற்றலாம் என்று வக்கீல் சொன்னார். மறுபடியும் அதே மதிலில் நடந்தோம். "அண்ணை, ஏலுமெண்டால் குடுங்கோ" என்றான். நான் சொன்னேன், "என்ர விசா போயிடும், யோகன். பெடியனைக் கூப்பிடேலாமல் போயிடும்." அரை மதில் தூரம் நடந்தான். பிறகு, "அப்ப பெடியனைக் கூப்பிடுங்கோ. நான் ஒரு மாதிரி இருப்பன்" என்றான். அவ்வளவுதான். நீ ஹரோவில் பள்ளிக்கூடம் போனதும், பட்டம் எடுத்ததும், நிலானியைக் கண்டதும் அந்த ஒரு சொல்லால்.

இதோடு நிறுத்தியிருந்தால் என்னை ஒரு பயந்த தகப்பன் என்று நீ மன்னித்துவிடலாம். நான் இதோடு நிற்கவில்லை. எண்பத்தெட்டில் உன் மாமாவின் தயவில் நாங்கள் லண்டனுக்கு வந்தோம். வந்த புதிதில் ஹரோவில் ஒரு பிறந்தநாள் விழா. நாலு பேர் கூடிய இடத்தில் ஒருவர் கேட்டார், "உம்மட தம்பியின்ர கேஸ் ஏன் பிழைச்சது?" நான் சொன்னேன், "நான் சொன்னதைத்தானே அவனும் போய்ச் சொன்னவன்." சொல்லப்போனால் அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி அந்தக் கதை ஹரோவிலிருந்து கிங்ஸ்பரி, அங்கிருந்து லண்டனின் மற்றக் கரை வரைக்கும் போய், அண்ணனின் கேஸைக் கொப்பி அடித்துப் பிடிபட்ட தம்பி என்று ஒரு பகிடியாகவே ஆகிவிட்டது. உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியாது, உனக்குப் பதினாறு வயதிருக்கும்போது மாமா வீட்டில் நீயும் அதைச் சொன்னாய். "மை சித்தப்பா கொப்பிட் அப்பாஸ் ஹோம்வொர்க்" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாய். நான் உன்னைப் பார்த்து, "சும்மா இருடா" என்று ஒரு சொல் சொல்லவில்லை. கோழிக் குழம்பு இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன். அந்தப் பகிடி ஜெர்மனிக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு நான் போட்ட இரண்டு கடிதமும் உடைக்காமலே திரும்பி வந்தன. காணிச் சண்டை என்று உன் அம்மாவுக்குச் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்து இத்தனை வருடம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

புத்திமதி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் தகப்பன், வாய் சும்மா இருக்காது. நிலானிக்கு ஒன்றையும் மறைக்காதே. மறைத்ததைவிட, மறைத்ததைக் காப்பாற்றுவதற்குச் செய்கிறவைதான் மனிசனைக் கீழே இழுக்கும். பிள்ளைகளுக்காகச் செய்தேன் என்று எதையும் செய்யாதே. நான் களவு எடுத்தது உனக்காக, சிரித்தது எனக்காக. முதலாவதைச் சொல்லி இரண்டாவதையும் சேர்த்துக் கழுவப் பார்த்தேன், கழுவுப்படவில்லை. இன்னொருவன் பட்ட வேதனையை அவனிடம் கேட்காமல் உன் வாயால் சொல்லாதே, இரக்கத்துக்காகக்கூட வேண்டாம்.

தேவாலயத்தை விட்டுவிட்டேன். உள்ளே மூன்று வாங்கு வரிசை தள்ளி இடது பக்கம் கண்ணாடியில் நல்ல வேலைப்பாடு இருக்கிறது, பாருங்கள். கோபுரத்தில் இருநூற்றுச் சொச்சம் படி. ஏறினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலையில் இடிந்த கோட்டை தெரியும். அந்த ஊரின் தபால் அட்டை எல்லாவற்றிலும் அந்தக் கோட்டைதான். அதன் சரித்திரம் முழுவதும் எனக்குப் பாடம். உள்ளே ஒரு நாளும் கால் வைத்ததில்லை. ஆறு அடுத்த மாவட்டத்தின் எல்லை. பாலத்தில் பாதிக்கு மேல் நாங்கள் போகக் கூடாது. யோகனுக்குப் பத்து வருடம் அந்தப் பாலத்தின் நடுவோடு உலகம் முடிந்தது. இப்போது அவன் போகலாம். முடிந்தால் அவனோடு சேர்ந்து போய்ப் பாருங்கள்.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. நீ வாசி, நிலானி வாசிக்கட்டும், அங்கே போனதும் கார்டை நீட்டுமுன் அவன் கையில் இதைக் கொடு. பத்து வருடத்துக்கு முன் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டிய கடிதம் இது. இனி இதனால் அவனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை, எனக்கும் ஒரு நட்டமும் இல்லை. அது தெரிந்துதான் எழுதுகிறேன், அதையும் அவன் கண்டுபிடித்துவிடுவான். கலியாணத்துக்கு வரமாட்டேன் என்றால் வற்புறுத்தாதே. வருகிறேன் என்றால் எனக்குப் போன் எடு. நான் அடுத்த ரயிலில் வந்து, அவன் படியேறி, முறைப்படி சொல்கிறேன். கதவை என் முகத்தில் அடித்தாலும் சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன்.

கடைசியாக ஒன்று. எண்பத்தேழில் நீயும் அம்மாவும் ஜெர்மனிக்கு வந்து இறங்கினீர்கள். பக்கத்து நகரத்தில் இருந்தோம். அங்கிருந்து ஆல்டன்பெல்ஸுக்கு ரயிலில் நாற்பது நிமிடம். "சித்தப்பாவைப் பார்க்கப் போவமே?" என்று நீ கேட்டபோதெல்லாம் "அவனுக்கு வேலை" என்றேன். வேலை செய்ய அனுமதி இல்லாத மனிசனுக்கு. நீ வந்த நாலாம் நாள் காலையில் போன் அடித்தது. யோகன். சந்தைச் சதுக்கத்துப் போன் பெட்டிக்குள் நின்று கதைத்தான், பின்னால் மணி அடித்தது கேட்டது. "பெடியன் வந்து சேர்ந்திட்டானோ, அண்ணை?" என்றான். ஓம் என்றேன். "வளர்ந்திட்டானோ?" ஓம் என்றேன். "ஒருக்கா குடுங்கோ, ஒரு சொல்லுக் கதைச்சிட்டு வைக்கிறன்." நீ எனக்கு எதிரே மேசையில் இருந்து பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டிருந்தாய். யார் என்று கண்ணால் கேட்டாய். நான் உன்னைப் பார்த்துக்கொண்டே, "அவன் நித்திரை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அவன் என்னிடம் கடைசியாகக் கேட்டது அதைத்தான். நீ போய்க் கதை.

அப்பா
ஹரோ